புவேர்ட்டோ ரீக்கோவில் தூண்டில் போட: முதல் தடவை போகிறவர்களுக்கு

கரீபியன் தீவில் தூண்டில் போடப் போகிறேன் என்று சொல்பவர்களின் மனத்தில் பெரும்பாலும் ஒரே காட்சிதான் ஓடும். நீலக்கடல், வெள்ளைப் படகு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பும் மார்லின் என்ற ஈட்டிமூக்கு மீன். அது பொய்யான காட்சி இல்லை. ஆனால் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து முழுநாள் படகு பிடித்து, இரண்டாவது மணி நேரத்திலேயே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்து, மிச்ச நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழிப்பவர்களும் அதே ஆசையோடு போனவர்கள்தான். புவேர்ட்டோ ரீக்கோவுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் காயல், பிறகுதான் ஆழ்கடல். காயலில் அரைநாள் போய்வந்த பிறகும் கை அரித்தால் மார்லினுக்குப் பணம் கட்டுங்கள்.

ஏன் இந்தத் தீவு, கையில் என்ன காகிதம்

தூண்டில் விளையாட்டுக்குப் பேர்போன தீவுகள் கரீபியனில் பல உண்டு. அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இதுதான் வசதி என்பதற்கு ஒரே காரணம், இது அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. நியூயார்க்கிலிருந்து நான்கு மணி நேரம், மயாமியிலிருந்து இரண்டரை மணி நேரம்; உள்நாட்டு விமானம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும், தங்கும் உரிமை செல்லுபடியாக இருக்கும்வரை போய்வரலாம். ஆனாலும் பாஸ்போர்ட், ஐ-797 (விசா நிலைக்கான ஒப்புதல் கடிதம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) அச்சுப்படி மூன்றையும் கையோடு எடுத்துப்போங்கள். திரும்பும்போது தலைநகர் சான் ஹுவானின் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரிகள் கேட்பதுண்டு. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கிழக்கே இருக்கும் விர்ஜின் தீவுகளுக்கு வடக்கில் கடல்தரை சட்டென்று சரியும் இடம் மார்லினுக்கு உலகப் புகழ் பெற்றது. 1977-இல் செயின்ட் தாமஸ் தீவில் பிடிபட்ட 1,282 பவுண்டு நீல மார்லின், அட்லாண்டிக்கின் சாதனையாகப் பதினைந்து ஆண்டுகள் நின்றது. அங்கேயும் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம் என்று படகுக்காரர் ஆசை காட்டினால் நிதானியுங்கள். அந்த நீர்ப்பரப்பில் ஒரு பகுதி பிரிட்டனுக்குச் சொந்தம். அமெரிக்க விர்ஜின் தீவுகளிலிருந்து திரும்புவதற்கும் தனிச் சோதனை உண்டு. விசா முத்திரை காலாவதியானவர்கள் சான் ஹுவானோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்று வகைத் தண்ணீர்

கிழக்கு மேற்காகச் சுமார் 160 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 55 கிலோமீட்டர். தீவு அவ்வளவுதான். வடக்கே அட்லாண்டிக், தெற்கே கரீபியன் கடல். வடக்குக் கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே தரை சரிந்து ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டராகிவிடும். இன்னும் வடக்கே, அட்லாண்டிக்கின் மிக ஆழமான இடமான புவேர்ட்டோ ரீக்கோ அகழியில் ஆழம் 8,000 மீட்டரைத் தாண்டுகிறது. வேறு ஊர்களில் மார்லின் நீரை எட்ட மூன்று மணி நேரம் படகோட்ட வேண்டும். இங்கே துறைமுகத்தை விட்டு அரைமணி நேரத்தில் இரையை இறக்கிவிடுகிறார்கள். முழுநாள் படகுக்குக் காசில்லாதவரும் அரைநாளில் மார்லினுக்கு முயன்று பார்க்க முடிவது இதனால்தான்.

இரண்டாவது வகை, பவளப்பாறை ஓரங்களும் ஆழமற்ற திட்டுகளும். தென்மேற்கே லா பர்கேரா, கிழக்கே ஃபஹார்தோ, அதற்கப்பால் குலேப்ரா, வியேக்கெஸ் தீவுகள். சங்கரா, களவா, பாறை மீன் இனங்கள் இங்கே கிடைக்கும். குடும்பத்தோடு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றது. அடியில் முள்ளை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று கடிக்கும். ஆனால் குலேப்ராவின் லூயிஸ் பெஞ்யா கால்வாய்ப் பகுதியும் மேற்கே டெசெசேயோ தீவைச் சுற்றியுள்ள நீரும் மீன்பிடிக்கத் தடைசெய்யப்பட்ட காப்பிடங்கள். வாடகைக்குச் சிறு படகோ கயாக்கோ எடுத்துத் தனியாகப் போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகை, நான் முதலில் போகச் சொல்லும் காயல்.

எந்த மாதம்

நீல மார்லினுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை. அதிலும் முழுநிலவை ஒட்டிய நாட்களில் படகுகளுக்கு அடிபிடியாக இருக்கும். சான் ஹுவானின் பழைய படகுக் கழகம் 1950-களிலிருந்து நடத்திவரும் பன்னாட்டு மார்லின் போட்டியும் இந்தப் பருவத்தில்தான். அந்த வாரத்தில் வெளியாளுக்கு நல்ல படகு கிடைப்பது கடினம். மாஹி மாஹி, வாஹூ மீன்களுக்கு அக்டோபர் பிற்பகுதியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. மாஹி மாஹியைத் தீவில் டொராடோ என்பார்கள். வாஹூ, நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. மார்லின் பருவமும் இதற்குள் அடங்குகிறது என்பதால் டிக்கெட்டையும் படகையும் ரத்துசெய்ய வழியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் இந்தத் தீவை உருக்குலைத்தது. குளிர்காலத்தில் புயல் கிடையாது, ஆனால் வாடை அலை உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் காற்று வலுக்கும். வடக்குக் கரையில் உருண்டுவரும் அலை உயரமாக இருக்கும். அந்த மாதங்களில் ஆழ்கடலுக்குப் போயே தீர வேண்டும் என்றால் தெற்கே, மேற்கே பாருங்கள். காயலுக்கு மாதக் கணக்கில்லை. வருடம் முழுவதும் மீன் இருக்கும்.

படகு பேசும்போது

அமெரிக்கச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு ஆளேற்றும் படகோட்டி கடலோரக் காவல்படையின் உரிமம் வைத்திருக்க வேண்டும். சிறு படகுகளுக்கான வழக்கமான உரிமத்தில் ஆறு பயணிகள் வரைதான் ஏற்றலாம். எட்டுப் பேரையும் கூட்டி வாருங்கள், சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் படகு வேண்டாம். மார்லின், சூரை போன்ற வலசை மீன்களுக்கான கூட்டரசு அனுமதி, படகின் பெயரில் வழங்கப்படுகிறது. பயணி தனியாக எடுக்க வேண்டியதில்லை. படகுக்கு அது இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல படகோட்டி இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அரைநாள் என்றால் நான்கு மணி நேரம், முழுநாள் என்றால் எட்டு. காயலுக்கு இரண்டு பேர் போகும் சிறிய படகு சில நூறு டாலருக்குக் கிடைக்கும். ஆழ்கடல் முழுநாளுக்குக் கட்டணம் ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். தொகை ஆளுக்கா, படகுக்கா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் படகுக்குத்தான். இரை, பனிக்கட்டி, எரிபொருள் அதற்குள் சேருமா? காற்று பலத்து, போக முடியாமல் போனால் முன்பணம் திரும்புமா? இவை போக, உதவியாளருக்கு 15 முதல் 20 விழுக்காடு அன்பளிப்பு தருவது ஊர் வழக்கம். அதையும் கணக்கில் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

நம்மவர்கள் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு: பிடித்த மீன் யாருக்கு? பல படகுகளில் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் படகுக்காரர்கள் வைத்துக்கொள்வார்கள். அது ஏமாற்று இல்லை, அங்கே நடைமுறை. இருந்தாலும் கரைக்கு வந்தபிறகு முகம் சுளிப்பதைவிட முன்கூட்டியே பேசிக்கொள்வது மேல்.

காயல்: முதல் அரைநாள்

சான் ஹுவானில் விமானம் இறங்கும்போது சன்னல் வழியே தெரிவதே அந்தத் தண்ணீர்தான். ஓடுபாதைகளுக்குத் தென்மேற்கே சான் ஹோசே காயல், கிழக்கே டோரெசியா காயல், இரண்டையும் இணைக்கும் சுவாரெஸ் கால்வாய். கரையெல்லாம் அலையாத்திக் காடு. சான் ஹோசே காயலுக்குக் குறுக்கே 1994-இல் திறந்த தெயோதோரோ மோஸ்கோசோ பாலம் போகிறது. இருபுறமும் கொடிக்கம்பங்கள் வரிசையாக நிற்கும் பாலம் என்றால் வாடகைக் கார் ஓட்டுநர் எவருக்கும் தெரியும். விடுதியில் ஐந்து மணிக்கு எழுந்தால் ஆறு மணிக்குள் தூண்டில் தண்ணீரில் இருக்கும்.

இங்கே இலக்கு, டார்பன். உள்ளூர்ப் பெயர் சாபலோ. கண்ணாடித் துண்டு போன்ற பெரிய செதில்கள், மேல்நோக்கித் திறந்த வாய், எலும்பாய் இறுகிய தாடை. சில கிலோ குட்டியிலிருந்து முப்பது, நாற்பது கிலோ வரை இந்தக் காயல்களில் உண்டு. செவுளால் மட்டும் மூச்சு விடும் மீன் இல்லை இது. மேலே வந்து காற்றை விழுங்கி நீந்துபைக்குள் இழுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்த, நகரச் சாக்கடை கலக்கும் காயலில் மற்ற மீன்கள் திணறும்போது இது கொழுத்து வளர்வதற்குக் காரணம் அதுதான். நமக்கு இதில் ஒரு லாபம்: மூச்சுக்கு மேலே வரும்போது முதுகு புரள்வது கண்ணுக்குத் தெரியும். எங்கே போடுவது என்று மீனே காட்டிக்கொடுத்துவிடும்.

விடிவதற்கு முன் வழிகாட்டி முதலில் வீச்சுவலையை எறிவார். அதில் விழும் மத்தி வகையோ சிறு மடவையோ அன்றைய இரை. உயிர் இரையை உதட்டுப் பக்கமாக வட்ட முள்ளில் கோத்து உங்கள் கையில் தருவார். இனிச் செய்ய வேண்டியது இது:

1. புரண்ட இடத்தின் மேலேயே போடாதீர்கள். மீன் போகும் திசையில் சில மீட்டர் முன்னால் போடுங்கள். தலையில் விழுந்தால் கூட்டமே கலைந்துவிடும்.

2. போட்டபின் தூண்டில் நரம்பில் தொய்வு இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். கோல் முனை தண்ணீரைப் பார்த்தபடி இருக்கட்டும்.

3. இழுவை தெரிந்ததும் ஊர்க் குளத்தில் கெண்டைக்குச் செய்வதுபோல வெடுக்கென்று சுண்டாதீர்கள். வட்ட முள், சுண்டினால் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். ரீலை நிதானமாகச் சுற்றிக்கொண்டே போங்கள். எடை கூடும்போது முள் தானாகத் திரும்பி வாயோரத்தில் ஏறும்.

4. ஏறிய மறுவிநாடி மீன் துள்ளும். முழு உடம்பும் தண்ணீருக்கு வெளியே வந்து, தலையை உதறும், செவுள் மூடிகள் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கோலை மீனை நோக்கித் தாழ்த்தி, கையை முன்னே நீட்டி நரம்புக்குத் தளர்வு கொடுங்கள். இறுக்கிப் பிடித்தால் எலும்புத் தாடையிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அல்லது நரம்பு அறும். தண்ணீரில் விழுந்ததும் மறுபடி இறுக்கம்.

5. மீன் ஓடும்போது ரீலைச் சுற்றாதீர்கள். ரீலின் பிடிமானத்தை வழிகாட்டி அளந்துதான் வைத்திருப்பார், ஓடட்டும். அது நின்றதும் கோலை மெதுவாக உயர்த்துங்கள், தாழ்த்தும்போது சுற்றுங்கள். உயர்த்தல், தாழ்த்திச் சுற்றல். மல்லுக்கட்டு அவ்வளவுதான்.

இதில் நாலாவது படி சொல்லிப் புரிவதில்லை. முதல் துள்ளலில் அநேகமாக எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுவார்கள், மீன் முள்ளைத் துப்பிவிட்டுப் போய்விடும். டார்பனில் கடித்ததற்கும் கைக்கு வந்ததற்கும் இடையே பெரிய தூரம் உண்டு, பழகினவர்களுக்கும் அப்படித்தான். துள்ளியதையும் கணக்கில் சேர்த்துச் சொல்வது இந்த விளையாட்டில் கௌரவக் குறைவில்லை.

முள்ளுக்கு முன்னால் அறுபது, எண்பது பவுண்டு தாங்கும் தடித்த நரம்பு கட்டியிருப்பார்கள். டார்பனின் உதடு உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது. மெல்லிய நரம்பைப் பத்து நிமிடத்தில் தேய்த்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அந்தப் பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் மாற்றச் சொல்லுங்கள்.

அலையாத்தி வேர்களை ஒட்டி ஸ்னூக் இருக்கும். நம் கொடுவாய் போன்ற உடல்வாகு, பக்கவாட்டில் ஒரு கறுப்புக்கோடு. இரவுப் பயணம் எடுத்தால் பாலத்து விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழும் விளிம்பில், நிழல் பக்கமாக நின்றுகொண்டு இரைக்குக் காத்திருக்கும். வெளிச்சத்தில் போட்டு நிழலுக்கு இழுத்துவாருங்கள்.

காயலில் இரண்டு எச்சரிக்கை. தண்ணீர் சுத்தமில்லை, கையைக் கழுவாமல் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். இரண்டாவது கொசு. 2024 மார்ச்சில் டெங்குவுக்காகத் தீவில் சுகாதார நெருக்கடி நிலையே அறிவிக்க வேண்டியிருந்தது. முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கொசுவிரட்டி. விரட்டி பூசிய கையால் இரையைத் தொட வேண்டாம், மீன் மோந்துவிட்டு விலகும்.

ஆழ்கடலுக்குப் போவதென்றால்

முந்தைய இரவே ஆரம்பிக்க வேண்டும். குமட்டலுக்கான மாத்திரையைப் படகில் ஏறியபின் போட்டுப் பயனில்லை. இரவு படுக்கும்போது ஒன்று, காலையில் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு ஒன்று என்பது பொதுவான முறை. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல்நாள் இரவு மதுவைத் தவிருங்கள். வெறும் வயிறும் ஆகாது, நெய் மிதக்கும் பொங்கலும் ஆகாது. ரொட்டி, உப்பு பிஸ்கட், இஞ்சி மிட்டாய் போதும். படகில் ஏறியதும் அறைக்குள் போய்ப் படுக்காதீர்கள், செல்பேசியைக் குனிந்து பார்க்காதீர்கள். பின்தளத்தில், டீசல் புகை படாத பக்கம் நின்று தொடுவானத்தைப் பாருங்கள்.

வாழைப்பழம் எடுத்துப்போகாதீர்கள். தூண்டில் படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கடிக்காது என்பது உலகம் முழுவதும் படகுக்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நம்பிக்கை. சில படகோட்டிகள் விளையாட்டாகச் சொல்வார்கள், சிலர் பையைச் சோதித்துக் கடலில் எறிவார்கள். பயணத்துக்கு வாழைப்பழம் கட்டிக்கொண்டு போவது நமக்குப் பழக்கம் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். பூசணிக்காய் உடைத்துவிட்டு வண்டியை எடுக்கும் நாம் இதைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

கறுப்பு அடிப்பாகம் உள்ள காலணி தளத்தில் கறை ஏற்படுத்தும், போட விடமாட்டார்கள். வெள்ளை அடியுள்ளதாக இருக்கட்டும். வெயில் தண்ணீரிலிருந்தும் திரும்பி அடிக்கும். நீரின் பளபளப்பை வெட்டும் போலராய்டு கண்ணாடி, கயிறு கட்டிய தொப்பி இரண்டும் அவசியம்.

துறைமுகத்தைத் தாண்டி நீர் நீலமாகக் கறுத்ததும் உதவியாளர் நான்கைந்து தூண்டில்களை இறக்குவார். இருபுறமும் விரியும் நீண்ட கம்பங்களில் நரம்பு மாட்டப்பட்டிருக்கும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் இருப்பதற்காக. இரை, முரல் மீனாகவோ வண்ணப் பாவாடை கட்டிய பிளாஸ்டிக் போலியாகவோ இருக்கும். படகு மணிக்கு ஏழெட்டு கடல்மைல் வேகத்தில் அவற்றை இழுத்துக்கொண்டே போகும். இங்கே பெரும்பாலான நேரம் நடப்பது இது மட்டும்தான்: போய்க்கொண்டே இருப்பது. மிதக்கும் கடற்பாசித் திட்டு, மரக்கட்டை, உயரே வட்டமிடும் பிளவுவால் கறுப்புப் பறவை என்று படகோட்டி எதையாவது தேடித் திரும்புவார். மிதக்கும் பாசிக்கு அடியில் மாஹி மாஹி நிழலுக்கு ஒதுங்கும்.

கடித்தால் ரீல் கிறீச்சிடும். அப்போது ஓடிப்போய்க் கோலைப் பிடுங்காதீர்கள். உதவியாளர் எடுத்துத் தருவார். யார் முதலில் பிடிப்பது என்பதைக் கிளம்பும்போதே குலுக்கிப் போட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். நண்பர்கள் கூட்டத்தில் இது இல்லாமல் போனால் மனத்தாங்கல் வரும். கோல் பிடிக்காதவர்கள் மற்றத் தூண்டில்களைச் சுற்றி உள்ளே எடுக்க உதவலாம், அல்லது ஓரமாக நிற்கலாம். பெரிய மீன் என்றால் நாற்காலியில் உட்காரவைத்து வார் கட்டுவார்கள். ஓடும் நரம்பைக் கையால் தொடுவதோ விரலில் சுற்றுவதோ கூடவே கூடாது, சதையை அறுத்துவிடும். மீனைச் சண்டையில் வெல்வது பாதிதான் நீங்கள்; மீதிப் பாதி படகைப் பின்னே, பக்கவாட்டில் நகர்த்திக் கொடுக்கும் படகோட்டி. அவர் சொல்லும் சொல்லைக் கேளுங்கள்.

மார்லினை வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். நீல மார்லின் 99 அங்குலத்துக்கும் வெள்ளை மார்லின் 66 அங்குலத்துக்கும் மயில் மீன் 63 அங்குலத்துக்கும் குறைந்தால் வைத்துக்கொள்வது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் பிளவு வரை அளக்கிறார்கள். அமெரிக்கப் பொழுதுபோக்குத் தூண்டிலாளர்கள் அனைவரும் சேர்ந்து அட்லாண்டிக்கில் ஓராண்டுக்கு 250 மார்லின்களுக்கு மேல் கரைக்குக் கொண்டுவரக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. பெரிய மார்லின்கள் எல்லாமே பெண். ஆண் அரிதாகவே 350 பவுண்டைத் தாண்டும். முட்டையிடும் பெரிய தாயைப் புகைப்படத்துக்காகக் கொல்வதை இப்போது நல்ல படகோட்டிகள் யாரும் விரும்புவதில்லை.

விடுவதற்கும் முறை உண்டு. விடப்போகும் மார்லினை நீரைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது. படகோரமாகப் பிடித்து, படகை மெல்ல முன்னே ஓட்டி, வாய் வழியாக நீர் செவுளுக்குப் பாயவிட்டு, தானாக வாலடித்துக் கிளம்பும்போது விட வேண்டும். படம் வேண்டுமானால் மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள். ஒருவர் முன்கூட்டியே தயாராக நின்றால் ஐந்து விநாடி போதும். டார்பனுக்கும் இதே கதைதான். முட்கள் நிறைந்த மீன், விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் குறைவு.

சமையலுக்குப் போகும் மீன்

மாஹி மாஹி, வாஹூ, சூரை, சங்கரா, இவை கிடைத்தால் விருந்து. ஒருவருக்கு எத்தனை, எந்த அளவு என்பதெல்லாம் தீவின் இயற்கைவளத் துறையும் கூட்டரசும் அவ்வப்போது மாற்றும் விதிகள். பெட்டிக்குள் போடும் முன் படகோட்டியைக் கேளுங்கள். நசாவு களவாவும் கோலியாத் களவாவும் எந்த அளவில் சிக்கினாலும் விட்டுவிட வேண்டிய மீன்கள்.

சூரையையும் மாஹி மாஹியையும் பிடித்தவுடன் பனிக்கட்டியில் புதைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உருவாகும். பிறகு எத்தனை மிளகாய் போட்டுக் குழம்பு வைத்தாலும் அது போகாது, முகம் சிவந்து தலைவலி கண்டுவிடும்.

சீலா மீனை, அதாவது பராகுடாவை, உண்ணாதீர்கள். ஊரில் சீலாவை விரும்பிச் சாப்பிட்டவர்களுக்கு இது கசக்கும், ஆனால் கரீபியனில் நிலைமை வேறு. பவளப்பாறைப் பாசியில் ஒட்டி வளரும் நுண்ணுயிர் ஒன்று உண்டாக்கும் நச்சு, பாசி தின்னும் மீனுக்கும் அதைத் தின்னும் பெரிய மீனுக்கும் ஏறி, கடைசியில் சீலா போன்ற பெரிய வேட்டை மீன்களில் சேர்ந்துவிடுகிறது. சிகுவாட்டெரா என்று பெயர். மீன் பார்க்கப் புத்தம்புதிதாக இருக்கும், வாடை இருக்காது. வறுத்தாலும் உறைய வைத்தாலும் நச்சு அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி, உதடும் விரலும் மரத்து, குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவதுபோல் தோன்றும் நிலைக்குப் போகும். வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. புவேர்ட்டோ ரீக்கோவில் சீலாவை விற்பதே தடைசெய்யப்பட்டிருக்கிறது. தூண்டிலில் அது நன்றாக விளையாடும். விளையாடிவிட்டு விடுங்கள்.

கரைக்கு வந்ததும் உதவியாளர் மீனைத் தோலுரித்து, எலும்பில்லாத சதைப் பாளமாக அரிந்து, தலையையும் நடுமுள்ளையும் பெலிக்கன்களுக்கு வீசிவிடுவார். கத்தி வைப்பதற்கு முன்பே சொல்லுங்கள்: தலை வேண்டும், நடுமுள்ளோடு குறுக்காகத் துண்டு போட வேண்டும் என்று. சற்று வியப்பாகப் பார்ப்பார்கள், ஆனால் செய்து தருவார்கள். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பிடித்து, மசாலாப் பொடியையும் புளியையும் பெட்டியில் எடுத்துப் போயிருந்தால் அன்றைய இரவு உங்களுடையது. இல்லாவிட்டால் துறைமுகத்தை அடுத்த சில உணவகங்கள் நீங்கள் கொண்டுபோகும் மீனைச் சமைத்துத் தரும். எது என்று படகுக்காரருக்குத் தெரியும்.

படகில்லாமல்

கரையிலிருந்தும் போடலாம். உள்ளூர்க்காரர்கள் பாறைக்கரைகளிலும் துறைமேடைகளிலும் மாலையில் நிற்பதைப் பார்ப்பீர்கள். சிலர் கோல்கூட இல்லாமல் நைலான் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு. வணக்கம் சொல்லி, கொஞ்சம் தள்ளி நின்று போடுங்கள். வடக்குக் கரையில் குளிர்கால அலை பாறை மேல் ஏறி ஆளை இழுத்துவிடும் என்பதால் பாறை நனைந்திருந்தால் அங்கே நிற்காதீர்கள்.

பலருக்குத் தெரியாதது, தீவின் நடுமலைகளில் உள்ள நீர்த்தேக்கங்கள். தோஸ் போக்காஸ், லா பிளாட்டா போன்றவற்றில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட துகுனாரே என்ற மீன் பெருகியிருக்கிறது. வாலில் கண் போன்ற பொட்டு, உடம்பில் மஞ்சளும் பச்சையும், இரையை அடித்துப் பிடுங்கும் குணம். குமட்டல் பயம் உள்ளவர்களுக்கும் கடல் கொந்தளிக்கும் நாளுக்கும் இது நல்ல மாற்று.

திரும்பும்போது மீனை எடுத்துவர நினைத்தால் முதல்நாளே உறைய வைத்துவிடுங்கள். குளிர்பெட்டியிலுள்ள பனிக்கட்டிப் பொதிகள் சோதனைச் சாவடியில் முழுக்க உறைந்திருந்தால்தான் கைப்பையோடு விடுவார்கள். பாதி உருகியிருந்தால் எடுத்து எறிந்துவிடுவார்கள். சான் ஹுவானில் பெட்டியை விமானத்தில் ஏற்றுவதற்கு முன் வேளாண் துறையின் சோதனை இயந்திரம் ஒன்று தனியாக இருக்கிறது. அவர்கள் முக்கியமாகத் தேடுவது பழமும் செடியும்தான். வழியில் வாங்கிய மாம்பழத்தை அதற்கு முன் சாப்பிட்டுவிடுங்கள். அந்த வரிசைக்கும் சேர்த்து விமான நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே போய்ச்சேருங்கள்.